சரோஜா கைவிடாத துப்பாக்கி

துப்பாக்கிக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விஷயத்தில் பிழை இல்லை. 

பயந்தவன் எப்படித் துப்பாக்கிக் கடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினான் என்று கேட்பீர்கள். பயந்ததால்தான் கொட்ட முடிந்தது என்று என் முதலாளி சொல்வார். பாதி நாள் அதைக் கேலியாகச் சொல்வார், பாதி நாள் நிஜமாகச் சொல்வார். எது எந்த நாள் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. திருவள்ளூரில், கோர்ட்டுக்குப் போகிற தெருவில் எங்கள் கடை. வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வருவது நின்றுபோயிருந்த காலம். நல்ல வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் அதை வைத்திருந்த யாராவது செத்திருக்க வேண்டும். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு லைசென்ஸ் கிடைத்தால் எடுத்துப் போகலாம். இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு எங்கள் வழியாக விற்கலாம்.

அப்படி ஒப்படைத்தவை எங்கள் உள்ளறையில் வரிசையாக, சங்கிலி கோத்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் உண்டு. ஆயுத பூஜை அன்று அந்தக் குடும்பத்தார் தேங்காய், பூ, சந்தனம், குங்குமத்தோடு வருவார்கள். அவரவர் வீட்டுத் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வேறு கடையில் இதற்கு விடுவார்களோ என்னவோ. எங்கள் முதலாளி விடுவார். "அவுங்க ஊட்டுப் பொருளுபா. நாம காவக்காரன். பூஜ பண்ணாதன்னு சொல்ல நமக்கு இன்னா ரைட்டு கீது?" என்பார்.

அந்த வரிசையில் ஒரு துப்பாக்கி தனியாகத் தெரியும். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், வெளிநாட்டு ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக் என்று நாங்கள் சொன்னாலும் பட்டாளத்து மெஷின் கன் மாதிரி இல்லை. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான். ஆனால் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே ஏற்றிக்கொள்ளும். நம் வேலை விசையை அழுத்துவது மட்டும்.

அது ஓய்வுபெற்ற ஒரு என்ஜினீயருடையது. அவர் காலமான பிறகு அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மாள் கொண்டுவந்து ஒப்படைத்தார். மற்ற துப்பாக்கிகளின் கட்டையெல்லாம் எண்ணெயும் சந்தனமும் ஊறி, வீட்டு நிலைப்படி மாதிரி மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். இது மட்டும் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும். ஒரு கறை கிடையாது, ஒரு கீறல் கிடையாது. "வச்சிருந்த மனுசன் எப்டிப்பட்டவன்னு இத பாத்தா தெரியுது" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

அந்தத் துப்பாக்கியைத்தான் முனிரத்தினம் கேட்டார்.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமம். சொந்த நிலம். மணற்பாங்கான மேட்டில் வேர்க்கடலை, அவர்கள் பேச்சில் 'கல்ல'; பள்ளத்தில் நெல். வலது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. கூடவே அவருடைய ஒரே மகள் சரோஜா வந்திருந்தாள். இருபதைத் தாண்டியவள், தாய் இல்லாதவள். பயிர்க் காவலுக்கான லைசென்ஸ் தகப்பன் பெயரில் இருந்தது. அவருக்காகத் துப்பாக்கியைக் கையாள்பவள் என்று மகள் பெயரையும் சேர்த்து வாங்கியிருந்தார்கள். பெண் பிள்ளை பெயர் அப்படி ஏறியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னாபா, நல்ல துப்பாக்கியா காட்டு" என்றார் முனிரத்தினம், உட்காருவதற்கு முன்பே. "ஒரு வெடி வெடிச்சிட்டு, மடக்கி மடக்கி தோட்டா போட்டுக்கினு கீறதெல்லாம் வேணாம். பன்னிங்க கூட்டமா வருது. நான் ஒண்ணு போட்டுக்கினு இருக்கசொல்ல மீதி எல்லாம் தின்னுட்டு ஏப்பம் வுட்டுக்கினு பூடும்."

"நைனா, மொதல்ல உக்காரு" என்றாள் மகள்.

வாங்க வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பது எங்கள் கடை வழக்கம். எதற்கு? யார் கையில்? தப்பிப்போகிற குண்டு எங்கே போய் நிற்கும்? மூன்றாவதைக் கேட்டால் நிறைய பேர் முழிப்பார்கள். நான் கேட்டேன்.

"பன்னிக்கு. சுடப்போறவ இவ. குண்டு பன்னி மேல நிக்கும், வேற எங்க போய் நிக்கும்?" என்றார் முனிரத்தினம்.

"பன்னி மேல படலன்னா?"

"இன்னாம்மா இவன், சந்தைக்கு வந்தவன திருப்பி அனுப்பறவன் மாதிரி பேசறான்" என்று மகளிடம் சொன்னார்.

சரோஜாதான் எனக்கு விவரம் சொன்னாள். இரண்டு வருஷமாக வேர்க்கடலையைப் பன்றி கிளறிவிட்டது. கம்பெனி வரப்போகிறது, கம்பெனி வரப்போகிறது என்று நிலத் தரகர் ஒருவர் அவர்கள் வீட்டையே சுற்றிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் கொடுத்துவிட்டார்கள். முனிரத்தினத்துக்கும் கொடுத்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. கண்ணும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"இந்தத் தபா கல்ல ஊடு வந்து சேந்துச்சுனா நெலம் என்னுது. சேரலன்னா கம்பெனிக்காரனுது. அப்டித்தான நைனா பேசிக்கினோம்?"

"அப்டித்தான்" என்றார் அவர், கொஞ்சம் சங்கடமாக.

அதனால் அவளுக்கு அது வெறும் துப்பாக்கி வாங்குகிற வேலை இல்லை என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் என் கவலை இரண்டு மடங்கு ஆனது.

சரோஜா கை வைத்தது உள்நாட்டில் செய்த ஒற்றைக் குழல் துப்பாக்கியில். நடுவில் மடக்கி ஒரு தோட்டா போட்டு மூடிச் சுடுவது. தூக்கிப் பார்த்தாள், தோளில் வைத்துப் பார்த்தாள், சுவரைப் பார்த்துத்தான் வைத்தாள். அதை நான் கவனித்தேன். தகப்பன் அதற்குள் உள்ளறை வாசலில் நின்றபடி அந்த ஆட்டோமேட்டிக்கைப் பார்த்துவிட்டார். அப்புறம் அவருடைய நல்ல கண் வேறு பக்கம் திரும்பவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "பெரியவரே, பாயிண்ட் டூ டூ சின்ன குண்டு. பன்னிக்குப் பத்தாது. அடி வாங்கிக்கினு ஓடிப்போய்ப் பொதர்ல படுத்துக்கும். மறுநாள் புல்லறுக்கப் போறவங்கள குத்தும். அதுவும் இல்லாம உங்க ஊரு வெட்டவெளித் தரை. குண்டு எங்க போய் வுழும்னு சொல்ல முடியாது."

முதலாளி உள்ளே இருந்தே குரல் கொடுத்தார். "வாங்க வந்தவங்கள பேஜாரு பண்ணாதடா. இவனுக்கு ஊசிவெடி கொளுத்தவே மொழம் நீள ஊதுவத்தி வேணும் பெரியவரே. நீங்க எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். தடவிப் பார்த்தார். கட்டையில் தன் முகம் தெரிவதைப் பார்த்தார். அதோடு முடிந்தது. பிள்ளைகளே, வாங்குகிறவன் எந்த இடத்தில் தீர்மானிக்கிறான் என்று கவனியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கட்டையில்தான் தீர்மானிக்கிறார்கள். குண்டு போகிற வழியை ஒருவரும் பார்ப்பதில்லை.

சோதனை என்று நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். தோட்டாவைப் பின்னால் இருந்து அடைக்கிற இரும்பான போல்ட்டைத் திறந்து, கட்டை விரல் நகத்தை உள்ளே வைத்து, அதில் பட்ட வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தேன். கண்ணாடி. போல்ட்டின் முகத்தைத் துணியால் துடைத்தேன். சுத்தம். விசையை வெறுமனே அழுத்திப் பார்க்கவில்லை. இந்த ரகத்தில் வெடிக்க வைக்கிற ஊசி, தோட்டாவின் நடுவில் குத்தாமல் விளிம்பில் குத்தும். தோட்டா இல்லாமல் அழுத்தினால் அந்த ஊசி குழலின் இரும்பு விளிம்பைக் கொத்திக் கெடுத்துவிடும். அதனால் டூ டூ துப்பாக்கியை வெறுமனே அழுத்தக் கூடாது என்பது எல்லாக் கடையிலும் எழுதாத சட்டம்.

அடுத்தது வெடித்துப் பார்ப்பது. ஊருக்கு வெளியே ஒரு ஏரி. கோடையில் தண்ணீர் வற்றி, உயரமான மண் கரை மட்டும் நிற்கும். போலீஸில் சொல்லிவிட்டு அங்கேதான் போவோம். முதலாளி காரில் நான்கு பேரும் போனோம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. வழியில் முனிரத்தினம் இட்லி வாங்கிக் கொடுத்தார். நாஷ்டா செலவு என் பேரில் என்று பிடிவாதமாக நின்றார். புது மாப்பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தார்.

முதல் வெடி நான். என் வழக்கம் ஒற்றைத் தோட்டா. புதுத் துப்பாக்கியோ பழையதோ, முதலில் ஒன்றே ஒன்று போட்டுச் சுடுவேன். எது கோளாறானாலும் ஒன்றோடு போகட்டும் என்ற எண்ணம். கரையில் சொருகியிருந்த அட்டையைப் பார்த்துச் சுட்டேன். அட்டையில் துளை விழுந்தது. காலித் தோட்டா பக்கவாட்டில் துள்ளி விழுந்தது. முதலாளி தலையை ஆட்டினார். முனிரத்தினம் கை தட்டினார்.

"பத்தும் போடுபா. அவ சுடட்டும்."

"இன்னும் ஒண்ணு ஒண்ணா ரெண்டு தபா சுட்டுட்டு..."

"பத்து குண்டு துப்பாக்கிய வாங்கிட்டு ஒண்ணு போட்டு சுடறதுக்கு, அந்த மடக்கு துப்பாக்கியே வாங்கிக்கலாமே."

முதலாளி என்னைப் பார்த்து, போடு என்று கண்ணைக் காட்டினார். தோட்டா அடுக்குகிற மேகசினில் பத்து நிரப்பி மாட்டினேன். சரோஜாவின் கையில் கொடுத்தேன். கரையைப் பார்த்து நிற்கச் சொன்னேன். நானும் முதலாளியும் அவளுக்குப் பின்னால் வலது பக்கம். முனிரத்தினம் இடது பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி. குண்டு எங்கே படுகிறது என்று தன் நல்ல கண்ணால் பார்க்க வேண்டுமாம். பின்னால் வாங்க என்று இரண்டு முறை சொன்னேன். அரையடி வந்தார்.

"விரல வெளிய வச்சிக்கினு போல்ட்ட பின்னால இழுத்து வுடும்மா. அப்புறம்தான் குறி பாக்கணும்."

அவள் விரல் விசைக்கு வெளியே இருந்தது. இதைச் சத்தியம் செய்து சொல்வேன், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போல்ட்டை இழுத்தாள். விட்டாள்.

வெடித்தது.

யாரும் தொடாமல் வெடித்தது. என்ன ஆயிற்று என்று மண்டைக்குள் ஏறுவதற்குள் மறுபடி வெடித்தது, மறுபடி, மறுபடி. சரவெடி மாதிரி கூட இல்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. கரையிலிருந்து மண் எழும்பி எழும்பி விழுந்தது. அவள் விரல் அப்போதும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தது. விசை தன் இடத்தில் சும்மா இருந்தது.

"கீழ போடு. சரோஜா, கீழ போட்டுடு" என்று முனிரத்தினம் அலறினார்.

பிள்ளைகளே, உங்கள் கையில் ஒன்று தானாக வெடித்தால் உங்கள் கை என்ன செய்யும்? தூக்கிப் போடும். சூடான பாத்திரத்தை எப்படிப் போடுவோமோ அப்படி. கை நம்மைக் கேட்காது. அதுவும் பெற்ற தகப்பன் போடு போடு என்று கத்துகிறார். போட்டிருந்தால் அது தரையில் விழுந்து, வெடிக்க வெடிக்கத் துள்ளி, நாலாபக்கமும் சுற்றியிருக்கும். நாங்கள் மூன்று பேரும் ஐந்தாறு முழத்துக்குள்தான் நின்றோம்.

அவள் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டு, குழலைக் கரையை விட்டு நகரவிடாமல் பிடித்தாள்.

சத்தம் நின்றது.

அந்த அமைதி வெடிச்சத்தத்தை விட மோசமாக இருந்தது. எத்தனை வெடித்தது? பத்தா, எட்டா? யாருக்கும் தெரியாது.  தீர்ந்துபோய் நின்றதா, நடுவில் சிக்கி நின்றதா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் போகவும் கூடாது, அவளை அப்படியே விடவும் முடியாது. பயந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எது நடந்தாலும் அடுத்தது இன்னும் மோசமாக ஒன்று நடக்கும் என்று அவன் மனசு தானாகவே தேடும். அப்படித் தேடிய என் கண்ணில் முனிரத்தினம் பட்டார்.

அவர் ஓடிக்கொண்டிருந்தார். மகளை நோக்கி, இடது முன்பக்கத்திலிருந்து. குழலைப் பிடித்து அவள் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. இன்னும் மூன்று எட்டு வைத்தால் குழலுக்கு நேர் எதிரே வந்துவிடுவார்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கத்தினேனா என்றும் தெரியாது. சரோஜாவின் முதுகுக்குப் பின்னால் சுற்றி ஓடி, அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

"வுட்றா, வுட்றா டேய். எம் பொண்ணுடா" என்று என் தோளில் குத்தினார்.

"நைனா, கிட்ட வராத" என்றாள் சரோஜா. குரல் உடைந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் குழலும் திரும்பும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கை மட்டும் நடுங்கியது.

அந்த நடுக்கம் போதுமாக இருந்தது. உள்ளே ஒரு தோட்டா குறுக்கே சிக்கி, போல்ட்டை மூடவிடாமல் நிறுத்தியிருந்திருக்கிறது. நடுக்கத்தில் அது நேராகி உள்ளே இறங்கியது. போல்ட் தானாக மூடியது.

வெடித்தது.

குண்டு கரையில் போய்ப் புதைந்தது. முனிரத்தினம் ஓடிவந்துகொண்டிருந்த வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அவர் என்னைக் குத்துவதை நிறுத்தினார். மண்ணில் கிடந்தபடியே அந்த இடத்தைப் பார்த்தார். தான் நிற்காத அந்த இடத்தை. அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. எனக்கு வராது.

"அப்டியே நில்லும்மா, கரைய பாத்தே நில்லு" என்று முதலாளி சொல்லிக்கொண்டே பின்னால் இருந்து போனார். மேகசினைக் கழற்றினார். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிறுத்தினார். உள்ளே ஒன்றும் இல்லை. அப்புறம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை வாங்க வேண்டியிருந்தது. அவளால் கையைத் திறக்க முடியவில்லை.

முதலாளி துப்பாக்கியைத் தானே துணியில் சுற்றிக் காருக்குக் கொண்டுபோனார். முனிரத்தினம் காரில் ஏறும்போது சொன்னார்: "வேணாம். எந்தத் துப்பாக்கியும் வேணாம். நெலத்த குடுத்துடறேன். உசுரு இருந்தா போதும்."

சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் தோற்றுவிட்டாள் என்று நான் நினைத்தேன். தப்பு செய்யாமலே தோற்கிறாளே என்று இருந்தது.

கடைக்கு வந்ததும் முதலாளி கதவைச் சாத்திவிட்டு அந்த ரைஃபிளைப் பிரித்தார். போல்ட்டைத் தனியாக எடுத்து, அதற்குள் இருக்கிற ஊசியை வெளியே தள்ளப் பார்த்தார். வரவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, மெதுவாக இழுத்தார். வந்தது. ஊசியைச் சுற்றி, ஊசி ஓடுகிற துளை முழுக்க, செங்கல் நிறத்தில் என்னவோ கெட்டியாகப் படிந்திருந்தது. அவர் நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

சந்தனம். சந்தனமும் குங்குமமும்.

 நான் ஒற்றைத் தோட்டா போட்டுச் சுட்டபோதே ஊசி முன்னால் வந்து அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் போகவே இல்லை. அதற்குப் பிறகு போல்ட் மூடுகிற ஒவ்வொரு முறையும் நீட்டிக்கொண்டிருந்த ஊசி தோட்டாவைக் குத்தியது. வெடித்த வேகத்தில் போல்ட் பின்னால் போய் அடுத்ததை ஏற்றியது. மறுபடி குத்தியது. விசைக்கு அங்கே வேலையே இல்லை. ஒற்றைத் தோட்டாவில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. அதற்கு இரண்டாவது தோட்டா வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், தானாக ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியை முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு போட்டுச் சோதியுங்கள். இரண்டு போதும், கோளாறு இருந்தால் காட்டிவிடும். நேராகப் பத்துக்குப் போகாதீர்கள், யார் சொன்னாலும்.

ஆனால் சந்தனம் எப்படி அங்கே போயிற்று? கட்டையில் ஒரு பொட்டு கூடக் கிடையாதே. முதலாளி ஆளனுப்பி ராஜேஸ்வரி அம்மாளைக் கூப்பிட்டார். விற்பனை முடிந்தது என்று நினைத்து அந்த அம்மாள் கையில் வெற்றிலை பாக்கோடு வந்தார்.

முதலாளி எதுவும் சொல்லாமல் ஊசியைக் காட்டினார். அம்மாள் பார்த்ததும் கண்டுகொண்டார். வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார்.

"அது நான் வச்ச பொட்டு சார். கட்டை மேல வச்சா அவருக்குப் பிடிக்காது. பாலிஷ் போயிடும்னு திட்டுவார். ஆயுத பூஜையும் அதுவுமா ஒரு பொருளை மட்டும் பொட்டு இல்லாம விடலாமா? அதான் இதைத் திறந்து, உள்ளே யாருக்கும் தெரியாத இடமா பார்த்து வச்சுட்டு, துணியால மேலாகத் துடைச்சு மூடிடுவேன். அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவர் போனதுக்கு அப்புறமும் இங்க வந்து அதே இடத்திலதான் வச்சேன். பழகிப்போச்சு."

நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.  கடைசியில் முதலாளிதான் மெல்லச் சொன்னார், ஏரியில் நடந்ததை.

அம்மாள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "யாருக்காவது?"

"ஒண்ணும் ஆவல. யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா."

"அவர் இதைத் தோள்ல வச்சுக் கன்னத்தை ஒட்டிக் குறி பார்ப்பார்" என்றார்.  தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். போகும்போது அந்தத் துப்பாக்கியை விற்க வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள் என்றார். வெற்றிலை பாக்கு மேஜை மேலேயே இருந்தது.

அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வைத்த இடம், போல்ட்டின் முகத்தில் ஊசி எட்டிப் பார்க்கிற துளை, எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. மாசு மறுவில்லாத கட்டையைப் பார்த்து நாங்கள் எல்லோரும் மயங்கினோம். அது ஏன் மாசில்லாமல் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து சரோஜா கடைக்கு வந்தாள். முனிரத்தினமும் வந்தார், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரமாட்டேன் என்கிற மாதிரி நின்றார்.

"அண்ணா, கல்ல வெதச்சிட்டேன்" என்றாள் என்னிடம். "நைனா இன்னும் கையெழுத்து போடல. புரோக்கர இன்னிக்கி வா, நாளிக்கி வான்னு நான்தான் தள்ளிக்கினு வரேன். எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்."

"எது?"

"அத்த நீங்க சொல்லாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க." சுவரில் இருந்த முதல் துப்பாக்கியைக் காட்டினாள். "இது தப்பா போனா எப்டிப் போவும்?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவரும் எழுந்து வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறோம். எவ்வளவு தூரம் போகும், எத்தனை குண்டு பிடிக்கும், எந்த ஊர்ச் சாமான் என்று கேட்பார்கள். தப்பாகப் போனால் எப்படிப் போகும் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களையே கேட்டுக்கொண்டதில்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னோம். இரட்டைக் குழல் தப்பாகப் போனால் இரண்டும் ஒன்றாக வெடிக்கலாம், தோள் தாங்காது. இன்னொன்றில் விசைப் பூட்டு தேய்ந்தால் கீழே விழும்போது வெடிக்கலாம். ஒற்றைக் குழலுக்கு வந்தோம்.

"இது தப்பா போனா ஒண்ணு, வெடிக்காது. இல்லன்னா ஒரு தபா வெடிக்கும். அதுக்கு மேல நீயா மடக்கி இன்னொண்ணு போட்டாத்தான் உண்டு" என்றார் முதலாளி.

"அப்போ இது."

"பன்னி கூட்டமா வருதுன்னாரே உங்க நைனா?"

"ஒண்ணு வெடிச்சா மீதி ஓடும். ஓடலன்னா நான் ஓடறேன்."

முதலாளி சிரித்தார். ஏரியில் நடந்ததற்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாசலில் நின்றவரைப் பார்த்து, "பெரியவரே, லைசென்ஸ் உங்க பேர்ல கீது. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் குடுக்க முடியும்" என்றார்.

முனிரத்தினம் உள்ளே வந்தார். துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் தோளில் அவர் குத்திய இடத்தைத் தொட்டார்.

"கீழ போடு கீழ போடுன்னு கத்துனேன். அந்த ஏரி பூரா கேக்கற மாரி கத்துனேன். இவ எம் பேச்ச கேட்டிருந்தா நாலு பேரும் அங்கியே வுழுந்து கெடந்திருப்போம்." மகள் பக்கம் திரும்பினார். "தோ பாரு. இனிமே நான் பயந்துபோய் ஏதாச்சும் கத்துனா, அத்த நீ கேக்காத. புரிதா? எத்த சொன்னாலும்."

"நீதான் சொல்ற நைனா. அப்புறம் பேச்ச மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்" என்றார்.  முதலாளியிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, தன் கையாலேயே அவளிடம் கொடுத்தார்.

அறுவடை முடிந்த பிறகு அவர் தனியாகத் தோட்டா வாங்க வந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"இன்னா பெரியவரே, கல்ல வந்து சேந்துச்சா?"

"பாதி வந்துச்சு. பாதிய பன்னி தின்னுட்ச்சு."

எனக்குப் பகீர் என்றது. "அப்போ நெலம்?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். முழுசா வரலியே சரோஜா, பாதி வந்தா அது வந்த கணக்கா, வராத கணக்கா, புரோக்கர் வேற வாசல்ல ஒக்காந்துக்கினு கீறானேன்னு கேட்டேன்." அவர் தோட்டாப் பெட்டியைத் துண்டில் வைத்து முடிந்தார். "நீ பயந்துபோய் பேசற நைனா, அதனால நான் கேக்க மாட்டேன்னுட்டா. அந்தாளுக்கு ஒரு படி கல்ல குடுத்து பஸ் ஏத்தி அனுப்பிட்டா."